அளவுப்படி வரையப்படவில்லை

பனி கொட்டத் தொடங்கிவிட்டால்
பியூட்டில் கூரை வேலை கிடையாது.
அதனால்தான் ஜனவரியில் வந்திருக்கிறேன்,
நாற்பத்து மூன்று வயதில்,
பள்ளிப் படிப்புக்கு ஈடான தேர்வுக்கு.
பக்கத்து மேசையில் ஒரு பையன்
மூக்கை உறிஞ்சிக்கொண்டே இருக்கிறான்.

பதினேழாம் கேள்வி. முக்கோணம்.
இரண்டு சரிவிலும் குறுக்கே ஒரு சின்னக் கோடு:
இரண்டும் ஒரே நீளமாம். சரி.
உச்சியில் 40 என்று போட்டிருக்கிறது.
கீழ்மூலையில் கேள்விக்குறி.

சிரிப்பு வந்தது.
இது கூரை.
பன்னிரண்டுக்குப் பத்து ஏற்றம்,
அடியில் நாற்பது டிகிரி, மயிரிழை குறையலாம்.
கயிறு கட்டாமல் அதில் நிற்கக் கூடாது.
நின்றிருக்கிறேன், புத்தியில்லாத வயதில்.
விடைகளில் முதலாவதே 40.
பென்சில் வட்டத்தைத் தொட்டுவிட்டது.

அப்புறம்தான் படத்துக்கடியில்
மருந்துப் பெட்டியின் பொடி எழுத்தில் ஒரு வரி:
படம் அளவுப்படி வரையப்படவில்லை.

மச்சான் ஓரின் விழுந்தது ஒரு காகிதத்தால்.
பன்னிரண்டுக்கு ஆறு என்று எழுதியிருந்தது.
ஏறினால் பத்து.
காகிதத்தை நம்பிக் கயிற்றை வண்டியிலேயே விட்டிருந்தான்.
இடுப்பில் இன்னும் இரண்டு திருகாணி.
அன்றிலிருந்து என் ஆட்களுக்கு ஒரே பேச்சு:
எழுதியிருப்பதை விடு, கண்ணால் பார்.

இங்கே தலைகீழ்.
கோடு பொய் சொல்லும், எண் சொல்லாது.
விரிந்து கிடக்கும் அந்த உச்சியை
மனசுக்குள் இரண்டு கையாலும் பிடித்து நெருக்குகிறேன்.
நூற்றெண்பதில் நாற்பது போக நூற்று நாற்பது.
பாதி, எழுபது.

எழுபது!
அது கூரையில்லை, தேவாலயத்து ஊசிக் கோபுரம்.
காக்கைகூட யோசித்துத்தான் உட்காரும்.
தொட்ட கறுப்பை அழித்தேன்; காகிதம் கொஞ்சம் நைந்தது.

பதினெட்டு.
செங்கோணம். சாட்சாத் செங்கோணம்,
மூலைமட்டம் வைத்தால் வெளிச்சம் புகாது.
ஆனால் மூலையில் அந்தக் குட்டிச் சதுரத்தைக் காணோம்.
கண்ணெதிரே இருக்கிறது,
எனக்குத் தெரியாது.

கடைசி விடையைப் படிக்கிறேன்:
கொடுத்திருப்பதை வைத்துச் சொல்ல முடியாது.

இப்படியும் ஒரு விடை உண்டா?
ஆஸ்பத்திரி நடையில் தங்கை வெர்னா
என் சட்டையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்,
நடப்பாரா என்று.

நடப்பான் என்றேன்,
உடனே.