தரம் இரண்டு

ஜூன் இருபத்தாறு. ட்ரூப் கிராமத்துக்கு மேலே,
தபால் பேருந்து திரும்பிப் போகும் வளைவுக்கும் மேலே,
கேத்தி ஹபெக்கரின் சரிவு.
குறிஞ்சி என்று நாங்கள் படித்ததை
பெர்ன் அலுவலகம் ‘மலை மண்டலம் இரண்டு’ என்று எழுதுகிறது.
ஜூலை முதலாம் திகதி வரை புல்லில் கத்தி படக்கூடாது.
படாமல் இருப்பதற்கு மானியம்.
ஆறு வகைப் பூ நின்றால் தரம் இரண்டு, மேலும் கொஞ்சம்.
எண்ணத்தான் என்னை அனுப்பியிருக்கிறார்கள்.

வேலை எளிது.
புல்லின் நடுவே ஒரு முளை அடி.
கயிறு மூன்று மீட்டர். பிடித்துக்கொண்டு சுற்றி நட.
வட்டத்துக்குள் நிற்பது அரசாங்கத்தின் கண்ணுக்குத் தெரியும்.
வெளியே நிற்பது வெறும் பூ.

கேத்தி வேலியோடு நிற்கிறாள்.
காப்பி வேண்டுமா என்று கேட்கவில்லை.
கேட்டாலும் நான் வாங்கக்கூடாது, அது அவளுக்கும் தெரியும்.

மண்டியிட்டு எண்ணுகிறேன்.
மார்கெரீட், ஒன்று.
நீல மணிப்பூ, இரண்டு.
மூன்றாவது மஞ்சள். காய்ந்தால் உள்ளே விதை குலுங்கும்,
இந்த ஊர்க்காரரும் அதைக் கிலுகிலுப்பை என்றுதான் அழைக்கிறார்கள்.
செடி வேறு, சத்தம் ஒன்று.
நான்கு, சிவப்பு மொச்சைப்பூ மாதிரி ஏதோ, கையேட்டில் சரிபார்த்தேன்.
ஐந்தாவது ஒரே ஒரு தண்டு,
அதிலும் வெட்டுக்கிளி ஏறி உட்கார்ந்திருந்தது.

பேந்து ஒன்றுமில்லை.
புல். புல். தீவனப் புல்.

“அப்பா காலத்திலும் ஒருவர் வந்தார்” என்றாள் கேத்தி,
“உங்களைப் போலவே கையில் பலகை, பென்சில்.
இதெல்லாம் களை, நிலம் வீணாகிறது என்றார்.
சுண்ணாம்புக்கு மானியம், உரத்துக்கு மானியம்.
இருபது வருடம் சாணித் தண்ணீர் பீய்ச்சி
அரசாங்கக் காசில் பூவைக் கொன்றோம்.
இப்போது பதினான்கு வருடமாக
அதே காசில் மண்ணைப் பட்டினி போடுகிறேன்.
மாட்டுக்குப் போதாத புல் பிரான்சிலிருந்து லாரியில் வருகிறது.
அதை எந்தக் கட்டத்தில் எழுதுவீர்கள்?”

கட்டம் இல்லை.
இருந்தும் படிவத்தை ஒருமுறை புரட்டிப் பார்த்தேன்.

ஆறாவது இருந்தது.
ஊதா நிறம், கலைந்த தலைமயிர் போல இதழ்,
கயிற்றுக்கு ஒரு சாண் வெளியே.
பனியில் நனைந்த கயிறு. இழுத்தால் கொஞ்சம் நீளும்.
நான் பார்த்ததை அவள் பார்த்தாள்.
கேட்டிருந்தால் மறுத்திருப்பேன்.
கேட்கவில்லை, அதுதான் சங்கடம்.

என் கோப்பையும் ஒருவர் இப்படிக் கையில் வைத்திருந்தார்,
விண்டர்தூரில், ஒரு திகதி பிசகிப்போன மதியம்.
பேனாவை மூடி வைத்துவிட்டு
வெகுநேரம் ஜன்னலைப் பார்த்தார்.
அவர் என்ன எழுதினார் என்பது இங்கே வேண்டாம்.

கயிற்றை இழுக்கவில்லை.
ஐந்து என்று எழுதத்தான் எழுந்தேன்.
முழங்காலிலிருந்து ஒரு வாசம்.
ஓமம். வயிற்றுவலிக்கு அம்மா தரும் ஓமத்தண்ணீர்,
எமென்டாலின் மலைச்சரிவில், என் கால்சட்டையில்.
குனிந்து துழாவினேன்.
எறும்புப் புற்று மேட்டில், நான் மண்டியிட்ட இடத்தில்,
காட்டு தைம், ஒரு கைப்பிடி அளவு,
என் எடையில் நசுங்கிக் கிடந்தது.

நசுங்கியது கணக்கில் சேருமா?
விதியில் சேராது என்று இல்லை.
ஆறு என்று எழுதினேன்.
கேத்தி பலகையை வாங்கி, கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி,
கையெழுத்துப் போடும் இடத்தில் நின்றாள்.
“எட்டு வருடமா?”
“எட்டு.”
“எனக்கு எழுபத்தொன்று ஆகும்.”
போட்டாள்.
நன்றி சொல்லவில்லை, சொல்ல என்ன இருக்கிறது.
“சாணத்தில் மிதிக்காமல் போங்கள்” என்றாள்.

கீழே வளைவில்
பிரெஞ்சு எண்பலகையோடு ஒரு லாரி,
கழுத்துவரை உலர்ந்த புல்,
மூச்சு வாங்கி ஏறிக்கொண்டிருந்தது.
சாலை இருவருக்குப் போதாது.
நான் சரிவில் ஒதுங்கி நின்றேன்,
எந்தப் பூவின் மேல் என்று பாராமல்.