பூஜ்யத்தில் படுத்த முள்

வாங்கி நாற்பத்தொரு நாள் ஆகிறது.
இன்னும் பெயர் வைக்கவில்லை.
அதன் உடம்பில் எழுதியிருக்கும் ஐந்து எழுத்துகளைத்தான்
பால் வாங்கப் போகும்போதும் முணுமுணுத்துக்கொள்கிறேன்.

என்னைவிட ஏழு வயது மூத்த விமானம்.
இரண்டே இருக்கை, தோளோடு தோள் உரசும்.
ஐவர் ஸ்டெஃபானியுக் காசோலையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு
கதவைக் காட்டினார்:
"இடப்பக்கத்தது முரண்டு பிடிக்கும்.
திட்டாதே. இடுப்பால் ஒரு தள்ளு."
அவ்வளவுதான் அவர் தந்த சீதனம்.

மற்ற மாதங்களில் நான் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள்.
பத்தொன்பது பிள்ளைகள், சரளைச் சாலை,
சஸ்காட்செவனின் நேர்கோடுகள்,
எப்போதாவது ஒரு திருப்பம்.
ஜூலையில் பேருந்து தூங்கும்.
நான் விடியுமுன் கொட்டகையில் இருப்பேன்.

இறக்கைக்கு அடியில் கண்ணாடிக் குப்பியை அழுத்தி
ஒரு மடக்குப் பெட்ரோல் வடித்து
வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பார்ப்பேன்.
வெளுத்த நீலம். அடியில் தண்ணீர் முத்து இல்லை.
பிறகு எண்ணெய்க் கோல்.
பிறகு புரொப்பெல்லரின் விளிம்பெங்கும் விரல் நுனி,
சரளைக்கல் கடித்த பல்தடம் எங்கேனும் உண்டா என்று.

டெரன்ஸ் சொல்கிறான்,
கல்யாணமான புதிதில்கூட நீ என்னை
இப்படித் தடவித் தடவிப் பார்த்ததில்லை.
உன்னிடம் எண்ணெய் கசியவில்லையே, என்றேன்.

ஓடுதளம் என்பது வெட்டிவிட்ட புல்.
தரை விட்டுப்போகும் கணம் எனக்குத் தெரிவதே இல்லை.
சக்கரங்களின் கடகடப்பு நின்றிருக்கும்.
ஒரு சத்தம் குறைந்ததை வைத்துத்தான்
மேலே இருக்கிறேன் என்று புரியும்.

அன்று அந்தச் சத்தம் குறைந்தபோது
வேகமானியின் முள் பூஜ்யத்தில் படுத்திருந்தது.
ஓட்டத்திலேயே பார்த்திருக்க வேண்டும்.
பார்க்கவில்லை.
கனோலா பூத்திருந்தது.

கீழே அத்தனை மஞ்சளும் பின்னால் ஓடுகிறது,
தானியக் கிடங்கு தீப்பெட்டியாகிவிட்டது,
ஏரிக்கரையில் பெலிக்கன்கள் உப்பைக் கொட்டியதுபோல்.
கருவியோ சொல்கிறது: நீ நகரவே இல்லை.
சிரித்தேன், கொஞ்சம் அதிகமாகவே.
பிறகு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

எஞ்சினின் சுற்று, மூக்கு நிற்கும் கோணம்,
இரண்டும் தெரிந்தால் போதும் என்றுதான் பயிற்சியில் சொன்னார்கள்.
சொன்னபோது நான் தலையாட்டினேன்.
எல்லாரும்தான் தலையாட்டுவார்கள்.

அப்போது காதில் விழுந்தது கதவு.
முரண்டுக்காரக் கதவின் இடுக்கில் காற்று ஊதிக்கொண்டிருந்தது,
நாற்பத்தொரு நாளாக என்னை எரிச்சலூட்டிய அதே விசில்.
எஞ்சினைக் குறைத்தேன்: விசில் தணிந்தது.
மூக்கைத் தாழ்த்தினேன்: ஏறியது.
அடடா, நீ பேசுகிறாயா.

ஒரு வட்டம் அடித்தேன், அதன் குரலை மனப்பாடம் செய்ய.
இன்னொன்று, கைநடுக்கம் தீர.
கெட்டில் கொதிக்கத் தொடங்கும் சுருதியில் இறங்கினேன்,
அதற்குக் கீழே போகவிடாமல்,
புல் வரும்வரை,
புல் வந்தும் ஒரு துள்ளல்,
இரண்டாவது துள்ளலை இங்கே எழுதப்போவதில்லை.

காஸ்டோன் லஃப்ரெனியே குழாயைப் பின்னால் கழற்றிவிட்டு ஊதினார்.
மண் உதிர்ந்தது.
குளவிக் கூடு.
உள்ளங்கையில் ஒரு சிலந்தி, கடுகளவு,
குளவிக் குஞ்சுக்குக் கட்டிவைத்த சோறு.
"இதுக்கு ஒரு சிவப்பு உறை இருக்குமே, எங்கே?"

எங்கள் வீட்டுக் கொடியில் இருந்தது,
டெரன்ஸின் காலுறைகளுக்கு நடுவே.
அழுக்காக இருக்கிறதே என்று செவ்வாய்க்கிழமை துவைத்துப் போட்டிருந்தேன்.
அன்பு மிஞ்சினாலும் அடைத்துக்கொள்ளும் போல.

இப்போது உறை அதன் இடத்தில் இருக்கிறது.
கதவு இடுக்கை மூட வரவழைத்த ரப்பர் பட்டை
அடுக்களை அலமாரியில், பொட்டலம் பிரிக்காமல்.
காஸ்டோன் மூன்று முறை கேட்டுவிட்டார்.
மாட்டலாம், மாட்டலாம், என்கிறேன்.

சனிக்கிழமை.
குப்பியில் நீலம்.
இடுப்பால் ஒரு தள்ளு.