எழுபது சதவீதம்

தேன்கனிக்கோட்டை தாலுகா ஆபீசுக்கு எதிரே
என் கடை.
பக்கத்துக்கு இரண்டு ரூபாய்,
முன்னும் பின்னும் என்றால் மூன்று.
பதினோரு வருஷமாக அரசாங்கத்தை
ஒரு தாள் விடாமல் நகலெடுக்கிறேன்.
கோபுர முத்திரை மட்டும்
எப்போதும் கறுப்பாய்த்தான் விழும்.
டோனரைக் குறை சொல்லிப் பயனில்லை.

கார்த்திகையில் லகுமய்யா வந்தார்.
ஒன்றரை ஏக்கர் கேழ்வரகு,
பால் பிடித்த கதிர்,
ஒரே ராத்திரியில் யானை மேய்ந்துவிட்டது.
நஷ்டஈட்டுக்குச் சிட்டா, அடங்கல், ஆதார்,
வி.ஏ.ஓ. சான்று,
மிதிபட்ட நிலத்தில் அவரே நிற்கிற போட்டோ.
"போட்டோவில் யானை இல்லையே" என்றாராம் கிளார்க்.
"கூப்பிட்டேன், நிக்கலை" என்றாராம் இவர்.

"பத்து மைலுக்கு ஒரு கார்டு.
அந்த ஆளுக்கும் முட்டிவலி.
அரசாங்கம்னா ராத்திரி காட்டோரம்
டார்ச்சோட நிக்கணும்மா.
யானையைவிட ஒரு சுத்து
பெருசா இருக்கணும்."

அடுத்து நின்றவர் நாகபூஷணம்,
மாங்கூழ் ஆலை முதலாளி.
கையில் பதினான்கு தடையில்லாச் சான்றுகள்.
பதினைந்தாவது தடையில் இருக்கிறது.
"எனக்கு சீசன் நாப்பது நாள்,
இவங்க கையெழுத்துக்கு அறுபது நாள்.
பழம் காத்திருக்காது. ஈ காத்திருக்கும்.
திருடனைப் பிடிக்க நாலு பேர்,
ரோடு போட நாலு பேர் போதும்.
மிச்ச ஆபீசையெல்லாம் பூட்டி
சாவியை கே.ஆர்.பி. அணையில போடு."

என் மேஜையில் கையூன்றிச் சண்டை.
உன் இலவச கரண்ட் யார் வரி என்றார் இவர்.
உன் லாரி போகும் ரோடு யார் நிலம் என்றார் அவர்.
மெஷின் சூடாகி நின்றது.
அவர்கள் நிற்கவில்லை.

சென்னம்மா மட்டும் பேசவில்லை.
உதவித்தொகைப் பட்டியலில் போன மாசியிலேயே
அவளைச் சாகடித்திருந்தார்கள்.
தான் உயிரோடிருப்பதற்கு
இரண்டு நகல் கேட்டாள்.
மீதிச் சில்லறையைக்
கவனமாக எண்ணிப் பார்த்தாள்.

தையில் லகுமய்யா மறுபடி வந்தார்.
மோட்டார் லைனிலிருந்து வேலிக்குக்
கம்பி இழுத்திருக்கிறார்.
மின்வாரிய நோட்டீஸ் கையில் நடுங்கியது.
"என் நிலம், என் வேலி,
நடுவுல இவங்களுக்கு என்னம்மா வேலை?"

ஆனியில் நாகபூஷணம்.
மேட்டு ஆலைக்காரன் கழிவை ஓடையில் விடுகிறான்,
தன் கிணறு நுரைக்கிறது.
கலெக்டர் உடனே, கடுமையாக, சீல் வைக்க வேண்டும்.
'கடுமையாக' என்பதன் கீழே இரண்டு கோடு.
ஏழு ஆபீசுக்கு ஏழு நகல்.

நான் சிரிக்கவில்லை.
என் தகரக் கூரை இரண்டடி
சாக்கடைக்கு மேலே, புறம்போக்கில்
நீட்டிக்கொண்டிருக்கிறது.
ஐப்பசி மழையில் அது பொங்கிக் கடைக்குள் வந்தால்
பேரூராட்சியின் ஏழு தலைமுறையைத் திட்டுவேன்,
ஏன் தூர் வாரவில்லை என்று.
வார வந்தவர்களிடம்
கூரையைத் தொட்டால் தெரியும் சேதி என்றேன்.

எனக்கும் வந்தது நோட்டீஸ்.
ஏழு நாள்.
ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுக்
கண்ணாடியில் அதைக் கவிழ்த்தேன்.
எழுபது சதவீதம் அழுத்தினேன்:
எழுத்தெல்லாம் எறும்பு,
கோபுரம் ஒரு மச்சம்,
எத்தனை நாள் கெடு என்று
எனக்கே படிக்கத் தெரியவில்லை.
நூற்று நாற்பத்தொன்று அழுத்தினேன்:
'அகற்றப்படும்' தாள் முழுக்க நின்றது.
ஓரத்திலிருந்த என் பெயர்
பாதியில் வெட்டுப்பட்டுப் போயிற்று.
நூறிலும் ஒன்று எடுத்தேன்.
அதுவும் பிடிக்கவில்லை.

காலையில் வாசலில் சென்னம்மா.
இன்னும் சாகவில்லை என்பதற்கு
இன்னொரு நகல் வேண்டுமாம்.
எடுத்துக் கொடுத்தேன்.
காசு வேண்டாம் போ என்றேன்.
அவள் போகவில்லை.
"ரசீது குடு" என்றாள்.