இருபத்தெட்டுப் புள்ளி

பாலக்கோடு பேருந்து நிலையத்துக்குப் பின்னால்
நான் வேலைபார்க்கும் உரக்கடை.
காலை எட்டரைக்கே பிளாஸ்டிக் கவரில் இலை வந்துவிடும்.
வெள்ளிச்சந்தைத் தக்காளி, மாரண்டஅள்ளிக் கத்தரி,
ஒருதடவை கைக்குட்டையில் பொதிந்த
ஒற்றைச் சாமந்திப் பூ.
'இதுக்கு மருந்து?' என்பார்கள்.
திருப்பிப் பார்ப்பேன், பேர் சொல்வேன்,
டேங்குக்கு இத்தனை மூடி என்பேன்.

வீட்டில் மட்டும் என் சொல் எடுபடாது.

பெயின்ட் டப்பாக்களில் ஆறு கத்தரிச் செடி.
மூன்று கோபிகாவுக்கு,
இரண்டு பக்கத்து வீட்டு முபீனாவுக்கு,
ஒன்று லோகித்துக்கு.
அவனுடையது சாய்ந்திருந்தது.
அழுதான் என்று சாயாத ஒன்றை மாற்றிக் கொடுத்தார்கள்.
நாலு நாளில் அதுவும் சாய்ந்தது.

ஆடி முடிவதற்குள் இலையெல்லாம் சல்லடை.
பச்சையைச் சுரண்டித் தின்றுவிட்டு
நரம்பை மட்டும் மிச்சம் வைத்திருந்தது.
'புள்ளி வண்டு' என்றேன்.
'அது நல்ல வண்டாச்சே, அசுவினியைத் தின்னும்'
என்றாள் முபீனா.
'அது வேற. அதுக்கு ஆறு புள்ளி, பளபளன்னு இருக்கும்.
இதுக்கு இருபத்தெட்டு.'
சொல்லியிருக்கக் கூடாது.

அன்றிலிருந்து
விசாரிக்காமல் ஒருவருக்கும் தண்டனையில்லை.
சோப்புத் தண்ணீர்ச் சொம்பு ஒரு பக்கம் காத்திருக்க
ஸ்கேலால் இலையைத் தூக்கிப் பிடித்து
ஒவ்வொன்றாய் எண்ணினார்கள்.
லோகித்துக்குப் பதினெட்டு வரைதான் ஒழுங்காக வரும்,
அப்புறம் பதினாறுக்குத் திரும்பிவிடுவான்.
அதற்குள் வண்டு காலை மடக்கித் தொப்பென்று விழும்,
செத்ததுபோல் கிடக்கும்.
அவன் மண்ணைத் தோண்டிப் புதைப்பான்.
அவன் கைதட்டி எழுந்த பிறகு
அது மண்ணை உதறிக்கொண்டு கிளம்பும்.

'மருந்து அடிச்சா ஒரே நாள்ல முடிஞ்சிரும்.'
வாசலில் கடைச் சட்டையைக் கழற்றிக்கொண்டே சொன்னேன்.
அதை வெளியிலேயே கழற்றவேண்டும் என்பது
என் மனைவி போட்ட சட்டம்.
கோபிகா திரும்பவில்லை.
'இருப்பா, இன்னும் எண்ணி முடிக்கல.'

நேற்று ஓர் இலையைப் புரட்டிக் காட்டினாள்.
நட்டுவைத்தாற்போல் நிமிர்ந்து நின்றன
மஞ்சள் முட்டைகள், இருபதுக்கு மேல்.
'இது யாரோடது?'
கண்ணாடியைக் கழற்றினேன், துடைத்தேன், போட்டேன்.
பதினோரு வருஷமாய் இலை பார்க்கிறவன்.
அதுவும் இப்படித்தான் இடும்,
இதுவும் இப்படித்தான் இடும்.
முட்டைக்குப் புள்ளி கிடையாது.

'தெரியல' என்றேன்.
யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.
முபீனா வீட்டுக்கு ஓடிப்போய்ச் சிவப்பு நூல் கொண்டுவந்து
அந்த இலைக்காம்பில் கட்டினாள்.
லோகித் சொம்பைத் தள்ளி வைத்தான்.
பொரித்ததும் தெரியாமல் விழுந்துவிடக் கூடாதாம்.

இன்று கடையில்
பஞ்சப்பள்ளிக்காரர் ஒருவர் கத்தரி இலையை மேசையில் போட்டார்.
கூடவே வந்த வண்டு ஒன்று
பில் புத்தகத்தின்மேல் ஏறி நடந்தது.
'ஒண்ணே முக்கால் ஏக்கர். சீக்கிரம் சொல்லுங்க.'
'இருங்க' என்றேன்.

பதினாலு. பதினஞ்சு.

வெளியே,
அணைக்காமல் விட்டுவந்த அவர் வண்டி
உறுமிக்கொண்டிருந்தது.