டீக் கணக்கு

சஜாவில் நிதி என்று சொல்லக் கூடாது.
போலீஸ் கேட்டால், கேம்ப் பாஸ் கேட்டால்
டீக் கணக்கு.
அதனால் இந்த நீல நோட்டின் அட்டையில்
டீ என்று எழுதியிருக்கிறது, என் கையெழுத்தில்.
உள்ளே ஒரு சொட்டு டீ கிடையாது.

கம்பெனி சம்பளத்தை நிறுத்தி இது ஐந்தாம் மாதம்.
எல்லாருக்கும் ஒரே நாளில் நின்றது.
கிரேன்காரனுக்கும் கம்பி கட்டுகிறவனுக்கும்
ஒரே நோட்டீஸ், ஒரே தேதி,
அதே கதவில் அதே பழுப்பு டேப்.
ஊரில் அடுப்பு மட்டும்
மாவட்ட வாரியாக எரிந்தது.

ராமநாதபுரம் பெட்டியில்
நைஃப் மளிகைக்காரர்கள் இரண்டு பேர் உண்டு:
வீட்டுக்கு அறுநூறு திர்ஹம்.
நெல்லைப் பெட்டி முந்நூற்றைம்பது.
தருமபுரிக்குப் பெட்டிகூட இல்லை,
பால்பவுடர் டப்பா:
தொண்ணூறு.
வாகரையிலிருந்து வந்த கண்ணமுத்துவுக்கும்
அவன் மச்சான்மார் இருவருக்கும்
எந்த டப்பாவிலும் ஊர் இல்லை.
"நாங்க வேற நாடுதானே அண்ணன்" என்று
அவன்தான் எனக்குச் சமாதானம் சொன்னான்.

நான் தேவிபட்டினம்.
அறுநூறு வாங்குகிறவன் கையில்தான்
பேனா இருந்தது.

வியாழன் ராத்திரி மெஸ்ஸில் கேட்டேன்,
எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டினால் என்ன என்று.
பருப்புக் கரண்டி பாதியில் நின்றது.
"எங்க ஊர்க்காரன் காசு எங்க ஊருக்கு"
இது சீனி உசேன்.
"தருமபுரியில விலைவாசி கம்மி"
இது, தருமபுரியைப் பஸ் ஜன்னலில்கூடப் பார்க்காத ஒருத்தன்.
வேடியப்பன் வாயைத் திறக்கவில்லை.
வீட்டிலிருந்து வந்த கேஸ் சிலிண்டர் ரசீதைப்
போனில் எடுத்து மேஜைமேல் வைத்தான்.
கொஞ்ச நேரம் கழித்து
சீனி உசேனும் தன்னுடையதைத் தேடி எடுத்தான்.
பன்னிரண்டு ரூபாய் வித்தியாசம்.
தருமபுரியில்தான் கூட.

அதற்காக யாரும் மனம் மாறிவிடவில்லை.
ஒன்றரை மணி வரை சண்டை,
ஒரு தட்டு உடைந்தது,
என் தகப்பனார் பெயர் இரண்டு முறை வந்தது.
கடைசியில் தூக்கம்தான் தீர்மானத்தை நிறைவேற்றியது:
ஊருக்கு இவ்வளவு இல்லை,
வாய்க்கு இவ்வளவு.

மளிகைக்காரர்கள் விலகிக்கொண்டார்கள்.
மரியாதையாகத்தான்,
பேரீச்சம்பழம் ஒரு பெட்டி கொடுத்தனுப்பி.
மிஞ்சியது எண்ணாயிரத்து நூற்றறுபது.
முப்பத்துநாலு வீடு, நூற்றுமுப்பத்தாறு வாய்.
அறுபது.
மூன்று முறை வகுத்துப் பார்த்தேன்.
மீதி வராதது எனக்கே பிடிக்கவில்லை.

என் வீட்டில் மூன்று வாய்.
நூற்றெண்பது என்றதும் சுலைகா
"நீங்களேவா எழுதுனீங்க?" என்றாள்.
நான்தான் எழுதினேன்.
"பீஸுக்கு என்ன எழுதுவீங்க?"
அதற்கு நோட்டில் கட்டம் இல்லை.
ஒன்பது நாளாக
அவளிடமிருந்து நீல டிக் மட்டும் வருகிறது.

நேற்று வேடியப்பன் மனைவியின் வாய்ஸ் மெசேஜ்
மெஸ்ஸில் எல்லாருக்கும் கேட்கும்படி ஓடியது,
அவன் ஸ்பீக்கரை அமுக்கியது தெரியாமல்.
"எட்டாயிரத்துச் சொச்சம் வந்திருக்குது.
யாருதோ மாறி வந்திருக்கும்போல.
எடுக்காம அப்படியே வெச்சிருக்கறன்.
யார் வூட்டுதுன்னு கேட்டுச் சொல்லு,
திருப்பிப் போட்டுர்றன்."

யாரும் சிரிக்கவில்லை.
சீனி உசேன் தட்டோடு எழுந்து வெளியே போனான்.
நான் எதையாவது பார்க்க வேண்டுமே என்று
நோட்டைத் திறந்தேன்.

ஊர் என்ற கட்டத்தை ஸ்கேல் வைத்து அடித்திருக்கிறேன்.
அழுத்தி அடித்ததில்
அடுத்த நாலு பக்கத்துக்கும் அந்தக் கோடு இறங்கியிருக்கிறது.
கண்ணமுத்து வீட்டுப் பணம் இன்னும் போகவில்லை.
எக்ஸ்சேஞ்சில் அவன் நாட்டுக்குக் கமிஷன்
ஏழு திர்ஹம் கூட.

அதை
எந்த வாயில் கழிப்பது?