மாற்றுப்பெயர்

மண்டபத்தில் கரண்டு போன மத்தியானம்.
லேப்டாப்பில் பதினொரு சதவீதம்.
கஞ்சிப்பாசிக்கு ஓர் எண் கொடுத்தேன்:
நாலாயிரத்து எழுபத்தொன்று.
லத்தீனில் அதன் குலப்பெயரை
ரெண்டு தரம் மாற்றிவிட்டார்கள்.
எண் மாறாது.
எந்த நாட்டுக் கணினி இதைத் தட்டினாலும்
இந்தப் பாசியின் வாசலில்தான் வந்து நிற்கும்,
வட்டிக்காரன் மாதிரி.

களஞ்சியம் தலைத்துணியை அவிழ்த்துப் பிழிந்தாள்.
விரல்களில் சுற்றிய கந்தல் இன்னும் ஈரம்.
முங்குகண்ணாடியை நெற்றிக்கு ஏற்றித் திரையைப் பார்த்தாள்.

"ஈரத்துல கஞ்சி. சரி.
வெளுத்துக் காஞ்சா?
அதுக்கு வேற பேரு, வேற வெல.
ஏர்வாடிப் பக்கம் போயி இந்தப் பேரச் சொன்னா
வேற பாசிய அள்ளிப் போடுவாக."

ஒரு பொருளுக்கு ஓர் எண் என்பது
எனக்குச் சம்பளம் தரும் விதி.
அவளுக்குத் தராசு.

மாற்றுப்பெயர்க் கட்டத்தில் அவள் சொன்னதை இட்டேன்.
எந்தக் கரை, எந்த மாதம், யார் சொன்னது:
மூன்று கட்டம் புதிதாய்த் திறந்தேன்.
கடைசியில்
களஞ்சியம் என்று அடித்ததும்
சிவப்பில் கேட்டது மென்பொருள்:
ஆளா, கிடங்கா?

நாலு சதவீதம்.

"ஆளுன்னே போடுங்க.
கிடங்கு யாவாரிகிட்ட இருக்கு."