வாளி

செந்தூலில், டயர் கடைக்கு மேல்மாடியில்
மடக்கு நாற்காலிகள் பதினாலு.
வந்தது இருபத்திரண்டு பேர்.
லோகேந்திரன் வழக்கம்போல் மழைக்கோட்டில்,
வெளியே தார் உருகும் வெயில்.
முப்பது வருஷமாக இப்படித்தான்,
வில்பிரட் சிங்காரம் பேரைச் சொல்லி
எங்கே கூடினாலும்.

எண்பத்தேழில் ஒரு வியாழன் இரவு
தொலைக்காட்சிக்கு மழைக்கோட்டோடு வந்தார் சிங்காரம்.
மடியில் அக்கார்டியன்.
கேட்ட கேள்விக்கெல்லாம் ஒரு கட்டை, ஒரு சுரம்.
சஃபாரி சூட் போட்ட நெறியாளர்
செந்தமிழில் வியர்த்தார்.

'தங்கள் இசைப் பயணம் எங்கே தொடங்கிற்று?'
ஒரு சுரம்.
'தங்கள் மானசீக குரு?'
அதே சுரம், கொஞ்சம் நீளமாய்.
'இந்த மழைக்கோட்டின் தத்துவம்?'
'பெய்யுதே.'

எங்கள் வீட்டில் அதோடு சரி.
அப்பா எழுந்து பெட்டியை அணைத்தார்.
குடிகாரன், என்றார்.
மறுநாள் பள்ளி பஸ்ஸில்
மிச்சத்தை ஆளுக்கொரு மாதிரி சொன்னார்கள்:
அழுதார், அடித்தார், பாதியில் எழுந்து போனார்,
கடைசியில் கேமராவைப் பார்த்து
'ஒரு வாளி கொண்டாங்க' என்றார்.
வாளி மட்டும் எல்லார் கதையிலும் இருந்தது.

பிறகு அது வளர்ந்தது.
அம்ரோஸ் டி-ஷர்ட்டில் அச்சடித்தான்,
முதுகில் காலி வாளி.
கிள்ளானில் ஒருவர் நாற்பது பக்கம் எழுதினார்:
வாளி என்பது மனம், கைப்பிடி என்பது சங்கீதம்,
அடியில் ஓட்டை இருப்பதாகக் கொள்க.
திலகேஸ்வரி விவாகரத்து கிடைத்த நாளில்
அந்த ஒரு வரியைச் சொல்லிக்கொண்டே
நீதிமன்றப் படி இறங்கினாளாம்.
நானும் விடவில்லை.
தபால் நிலைய கவுண்டரில்
கத்துகிற ஆட்களுக்கு முன்னால்
மனசுக்குள்: ஒரு வாளி கொண்டாங்க.

இன்றைக்கு நாடா கிடைத்திருக்கிறது.
ஹமீது கனியின் மச்சான், ஈப்போ வீட்டு அலமாரியில்.
மேலே கல்யாண வீடியோ பதிந்தது போக
தப்பிய பத்தொன்பது நிமிடம்.
பூஞ்சை துடைத்து, கணினியில் ஏற்றி,
சுவரில் வேட்டி கட்டி

ஓடவிட்டோம்.
எவ்வளவு ஒல்லி, என்றது ஒரு குரல்.
என் மகன் வயசுதான் இருக்கும், அன்றைக்கு அவருக்கு.
சுரங்களுக்குச் சிரித்தோம்.
'பெய்யுதே'வை எல்லோரும் கூடவே சொன்னோம்,
அரோகரா மாதிரி.

பதினேழாவது நிமிடத்தில்
நிறுத்து, என்றார் கனி.
பின்னுக்கு ஓட்டு. இன்னும் கொஞ்சம். அங்கே.

நெறியாளர் கைத்தாளில்
நீல மை ஊறிப் பரவுகிறது.
மேலேயிருந்து ஒரு சொட்டு.
எண்ணி ஏழு நொடி.
இன்னொரு சொட்டு, அவர் தோளில்.
மூன்றாவது, சிங்காரத்தின் கோட்டில் விழுந்து வழிகிறது.
ஏர்கான் ஒழுகியிருக்கிறது.

கீழே யாரோ டயருக்குக் காற்று அடித்தார்கள்.

ஆக, கேட்டதற்கு ஒழுங்காகத்தான்
பதில் சொல்லியிருக்கிறார் மனுஷன்,
என்றாள் திலகேஸ்வரி.
கோபமா என்று தெரியவில்லை.
அம்ரோஸ் ஒத்துக்கொள்ளவில்லை:
சொட்டு விழுந்தால் விழட்டுமே,
அதனால் தத்துவம் பொய்யாகிவிடுமா?
கிள்ளான்காரர்
கண்ணாடியைத் துடைத்தார், துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார்.

கடைசி நிமிடத்தை நான் முதல்முறை பார்த்தேன்.
'ஒரு வாளி கொண்டாங்க.'
கேமராவைப் பார்த்து அல்ல.
கேமராவுக்குப் பக்கத்தில், யாரோ நிற்கிற இடத்தைப் பார்த்து,
சில்லறை கேட்கிற குரலில்.
நெறியாளர் சிரிக்கிறார். அரங்கம் சிரிக்கிறது.
சிங்காரம் சிரிக்கவில்லை.
அக்கார்டியனைக் கீழே வைத்து,
எழுந்து, கோட்டைக் கழற்றி,
நெறியாளர் தோளில் போர்த்துகிறார்.

இதைப் பள்ளி பஸ்ஸில் யாரும் சொல்லவில்லை.

திரை புள்ளி புள்ளியாகி,
முகம் தெரியாத ஒரு மணப்பெண்
மாலைக் கனத்தில் தலை குனிந்தாள்.

கடைசி வரிசையில் லோகேந்திரன்
வேர்த்து ஊற்ற, மேல் பொத்தானைத்
தடவிக்கொண்டிருந்தான்.
இன்னொரு தரம் போடுங்க, என்றான்.